நவம்பரில் வெனிஸ் நகரைத் தனியாக, நடந்தே சுற்ற முடியுமா?

மேலோட்டமாகப் பார்த்தால் உங்கள் கடிதத்தில் இருப்பது வரைபடத்தைப் பற்றிய கேள்வி. நவம்பர் மூன்றாம் வாரத்தில் மூன்று நாள் வெனிஸ் போகிறீர்கள். பெண், தனி ஆள், கையில் ஒரு பெட்டி. அந்தச் சந்துகளில் செல்பேசி வரைபடம் திண்டாடும் என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். தொலைந்து போவதுதான் வெனிஸின் சுகமே என்று இன்னொருவர் சொல்லியிருக்கிறார். இரண்டையும் சேர்த்துக் கேட்டதும் பயம் வந்து, பேசாமல் வழிகாட்டி அழைத்துப் போகும் குழுவில் சேர்ந்துவிடலாமா என்கிறீர்கள். ஆனால் நீங்கள் உண்மையில் கேட்பது கடிதத்தின் கடைசி வரியில் இருக்கிறது: "தனியாக நடந்தால் எனக்கு அந்த ஊர் புரியுமா, இல்லை சுவரைப் பார்த்துவிட்டுத் திரும்பி வருவேனா?" அதற்குத்தான் பதில் எழுதுகிறேன்.

என்னைப் பற்றி இரண்டு வரி சொன்னால்தான் நான் சொல்வதில் எதை எவ்வளவு நம்பலாம் என்று உங்களுக்குத் தெரியும். பழைய கட்டடங்களைப் பழுதுபார்க்கும் கட்டடக்கலைஞர் நான். செங்கல் சுவரில் உப்பு ஏறுவதைப் பற்றிப் படிக்க ஒரு குளிர்காலம் முழுக்க வெனிஸில் தங்கியிருந்தேன். அதன் பிறகு ஐந்து தடவை போயிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் தனியாகத்தான், ஒவ்வொரு தடவையும் அக்டோபருக்கும் பிப்ரவரிக்கும் நடுவில்தான். ஆகவே நவம்பர் நடையைப் பற்றித் தைரியமாகச் சொல்வேன். ஆகஸ்ட் வெயிலும் நெரிசலும் நான் பட்டதில்லை. முழங்கால் வலி உள்ளவர்களுக்கும், சக்கர நாற்காலியில் வருபவர்களுக்கும் நான் சொல்லும் வழிகள் சரிப்படாது. அந்த ஊரில் நானூறுக்கும் மேற்பட்ட பாலங்கள், அநேகமாக எல்லாமே படிக்கட்டுப் பாலங்கள்.

என் பதில்: குழு வேண்டாம், தனியாகவே போங்கள். ஆனால் "தொலைந்து போங்கள்" என்ற அறிவுரையை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். அதைச் சொல்பவர்கள் பாதியைத்தான் சொல்கிறார்கள். அந்த ஊர் எப்படிக் கட்டப்பட்டது என்பது தெரிந்தவருக்கு வழி தப்புவது சுகம். தெரியாதவருக்கு அது வெறும் கால்வலி. தெரிந்துகொள்ள வேண்டியதும் அதிகமில்லை, விமானத்தில் உட்கார்ந்தபடி படித்துவிடலாம்.

முதலில், வெனிஸ் ஒரே ஊர் இல்லை. நூற்றுக்கும் மேற்பட்ட குட்டித் தீவுகளை ஒன்றோடு ஒன்று தைத்துச் செய்தது. ஒவ்வொரு தீவும் ஏறக்குறைய ஒரு பங்கு. நம் ஊர்க் கத்தோலிக்கர்கள் பங்கு என்று எதைச் சொல்கிறார்களோ அதே பொருளில்தான் சொல்கிறேன். ஒரு கோயில், அதன் முன்னால் ஒரு திறந்தவெளி, நடுவில் ஒரு கிணறு, ஓரத்தில் படகு வந்து நிற்க ஒரு படித்துறை, சுற்றி வீடுகள். அந்தத் திறந்தவெளிக்குப் பெயர் கம்போ. வயல் என்று பொருள், ஒரு காலத்தில் புல் முளைத்துக் கிடந்த மண்தரைதான். மாளிகைகளின் தலைவாசல் தண்ணீரைப் பார்த்து இருக்கும். நாம் நடக்கும் சந்தின் பக்கம் இருப்பது பெரும்பாலும் கொல்லைவாசல். ஒவ்வொரு தீவும் தன் சந்துகளைத் தன் வசதிக்குப் போட்டுக்கொண்டது. தீவுகளைச் சேர்க்கும் பாலங்கள் வந்தபோது இந்தப் பக்கச் சந்தும் அந்தப் பக்கச் சந்தும் நேர்கோட்டில் இல்லை. அதனால்தான் பல பாலங்கள் கோணலாக நிற்கின்றன. தெருக்கள் ஏன் இப்படி வளைந்து நெளிகின்றன என்ற குழப்பத்துக்கு விடை இதுதான். அந்த ஊர் தண்ணீரில் வருபவர்களுக்காகக் கட்டியது, நாம் பின்வாசல் வழியாக உள்ளே நுழைகிறோம்.

இது மனதில் பதிந்துவிட்டால் நடை மாறிவிடும். தெருக்களை எண்ணாதீர்கள், தீவுகளை எண்ணுங்கள். பாலம் ஏறி இறங்கினால் ஒரு தீவு முடிந்தது, அடுத்தது தொடங்கியது. கம்போவுக்கு வந்து சேர்ந்ததும் ஒரு நிமிடம் நின்று கோயிலின் பெயரைப் பாருங்கள். அந்தப் பெயர்தான் உங்கள் இருப்பிடம். "இப்போது சான் ஜியாக்கோமோ தல்லோரியோவில் இருக்கிறேன்" என்று மனதுக்குள் சொல்லிக்கொள்வது எந்தத் தெருப்பெயரையும்விடத் துல்லியமானது.

அடுத்தது சுவரில் இருக்கும் எழுத்து. தெருமூலைகளில் வெள்ளைச் சுண்ணாம்புக் கட்டம் போட்டு அதில் கறுப்பில் பெயர் எழுதியிருப்பார்கள். இதற்கு வெனிஸ்காரர்கள் வைத்திருக்கும் பெயர் நிட்ஸியோலெத்தி, குட்டிப் படுக்கை விரிப்புகள் என்று பொருள். பெயரின் முதல் சொல் அந்தத் தரையின் வரலாற்றைச் சொல்லிவிடும். கல்லே என்றால் சந்து. ஃபொண்டமெண்டா என்றால் கால்வாயை ஒட்டிய நடைபாதை. சலிட்சாதா என்றால் மற்றவையெல்லாம் மண்ணாக இருந்த காலத்தில் முதலில் தளவரிசை போட்ட தெரு, அந்தப் பகுதியின் முக்கியத் தெரு என்று பொருள். சொட்டோபோர்ட்டெகோ என்றால் வீட்டுக்கு அடியில் குனிந்து நுழையும் வழி. எனக்கு மிகவும் பிடித்தது ரியோ தெரா: தூர்த்த கால்வாய். திடீரென்று ஒரு தெரு அகலமாகி, மெதுவாக வளைந்து போனால் சுவரைப் பாருங்கள், பெரும்பாலும் ரியோ தெரா என்று இருக்கும். ஒரு காலத்தில் படகு போன இடத்தில் நீங்கள் நடந்துகொண்டிருக்கிறீர்கள். கிழக்குக்கோடியில் இருக்கும் வியா காரிபால்தி என்ற பெரிய தெருவும் நெப்போலியன் ஆட்சியில், 1807இல், கால்வாயைத் தூர்த்துப் போட்டதுதான். தெருவின் பெயரில் தொழிலும் இருக்கும். ஃபாப்ரி என்றால் கொல்லர்கள், பிஸ்தோர் என்றால் ரொட்டி சுடுபவர், பொத்தேரி என்றால் பீப்பாய் செய்பவர்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. ஒரே தெருப்பெயர் வெவ்வேறு பகுதிகளில் திரும்பத் திரும்ப வரும். ஊர் ஆறு பகுதிகளாகப் பிரிந்திருக்கிறது: கன்னரேஜியோ, கஸ்தெல்லோ, சான் மார்க்கோ, சான் போலோ, சாந்தா குரோச்சே, டோர்சொடூரோ. வீட்டு எண் தெருவுக்குத் தெரு கிடையாது, பகுதி முழுவதற்கும் ஒரே தொடராக ஓடும். கஸ்தெல்லோவில் எண்கள் ஆறாயிரத்தைத் தாண்டும். "கஸ்தெல்லோ 4500" என்று மட்டும் விடுதிக்காரர் அனுப்பினால், அதை வைத்துக்கொண்டு உள்ளூர்க்காரரால்கூட எளிதில் கண்டுபிடிக்க முடியாது. தெருவின் பெயர், பக்கத்துக் கம்போ, பக்கத்துப் படகு நிறுத்தம் ஆகிய மூன்றையும் இப்போதே கேட்டு வாங்கி ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். இந்த ஒரு வேலையைச் செய்தாலே உங்கள் பயத்தில் பாதி போய்விடும்.

வரைபடச் செயலியைப் பற்றிக் கேட்டீர்கள். வேலை செய்யும், ஆனால் நீலப்புள்ளியை நம்பாதீர்கள். இரண்டு மூன்று முழ அகலச் சந்தில், இரு பக்கமும் நாலுமாடிச் சுவர் நிற்கும்போது செயற்கைக்கோள் சமிக்ஞை சுவரில் பட்டுத் திரும்பி, புள்ளி பக்கத்துச் சந்துக்குத் தாவிவிடும். கன்னரேஜியோவில் கல்லே வரிஸ்கோ என்ற சந்து ஒரு இடத்தில் 53 சென்டிமீட்டர்தான். இரண்டு சந்துகளுக்கு நடுவே பத்தடிதான் இருக்கும், ஆனால் ஒன்று பாலத்துக்குப் போகும், மற்றது தண்ணீரில் முடியும். செயலியை எங்கே இருக்கிறோம் என்று பார்க்க வைத்துக்கொள்ளுங்கள், எங்கே திரும்புவது என்பதைச் சுவரைக் கேளுங்கள். முக்கியமான மூலைகளில் ரியால்ட்டோ பாலத்துக்கு, சான் மார்க்கோ சதுக்கத்துக்கு, ரயிலடிக்கு என்று மஞ்சள் பலகைகள் உண்டு. அவை கூட்டம் போகும் வழியைக் காட்டும். சுற்றும்போது அவற்றுக்கு எதிர்ப்பக்கம் நடங்கள், களைத்ததும் அவற்றைப் பிடித்துக்கொண்டு வெளியே வாருங்கள்.

என் முதல் நவம்பரில் ஒரு மாலை கஸ்தெல்லோவில் மூடுபனி இறங்கியது. அங்கே அதற்குக் காய்கோ என்று தனிப்பெயரே உண்டு. பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. விளக்கு வெளிச்சம் மாவு மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு சந்துக்குள் திரும்பி நடந்தேன். காலடியில் தளக்கல் போய், வெள்ளைக் கல் விளிம்பு வந்தது. நின்றுவிட்டேன். அடுத்த படி பாசியோடு தண்ணீருக்குள் இறங்கியது. அன்றைக்குக் கற்றுக்கொண்டதை உங்களுக்கும் சொல்கிறேன்: படி விளிம்புகளிலும் கால்வாய் ஓரங்களிலும் இஸ்திரியாவிலிருந்து வந்த வெள்ளைக் கல்லைப் பதித்திருப்பார்கள். கறுத்த தரையில் வெள்ளைக்கோடு தெரிந்தால் உயரம் மாறுகிறது, அல்லது தரை முடிகிறது. பனியிலும் இருட்டிலும் அந்தக் கோட்டைப் பார்த்து நடங்கள். திரும்பி வந்தபோது சக்கரம் வைத்த காய்கறிப் பையை இழுத்துக்கொண்டு ஒரு பாட்டி எதிரே வந்தார். ரியால்ட்டோ எங்கே என்று கேட்டேன். "செம்ப்ரே திரித்தோ", நேராகப் போய்க்கொண்டே இரு என்றார். அந்த ஊரில் நேர்த்தெருவே கிடையாது. ஆனால் யாரைக் கேட்டாலும் இதே பதில்தான் வரும். வெகுநாள் கழித்துத்தான் புரிந்தது: போகிற திசை சரி, கிளை பிரிந்தால் பெரியதைப் பிடி என்பதுதான் அதன் பொருள். அதை நம்பி நடந்து நான் ஒருநாளும் ஏமாந்ததில்லை. அந்தப் பாட்டியின் பையைப் பாலத்தில் ஏற்றி இறக்கிக் கொடுத்தேன். பெட்டியோடு வரும் உங்களுக்கும் அந்தப் பாலங்கள்தான் காத்திருக்கின்றன, ஆகவே தோளில் மாட்டும் பை எடுத்துப் போக முடிந்தால் எடுத்துப் போங்கள்.

கிணறுகளைப் பற்றிச் சற்று நிறுத்திச் சொல்ல ஆசை, ஏனென்றால் வழிகாட்டிக் குழுக்கள் அவற்றைப் பார்க்காமலே கடந்துவிடும். நாலு பக்கமும் உப்புத் தண்ணீர் சூழ்ந்த ஊரில் குடிதண்ணீர் எங்கிருந்து வந்தது? மழையிலிருந்து. கம்போவின் நடுவில் செதுக்கிய கல் வளையம் தெரியும், அது கிணறு மாதிரி இருந்தாலும் ஊற்றுக் கிணறு இல்லை. அதைச் சுற்றிச் சில அடி தூரத்தில் தரையில் துளையிட்ட கற்கள் பதித்திருக்கும். தளம் அந்தத் துளைகளை நோக்கி லேசாகச் சரிந்திருப்பதைக் காலே உணரும். கீழே கம்போ முழுவதையும் குடைந்து, உப்பு நீர் கசியாமல் களிமண் பூசி, மணல் நிரப்பியிருக்கிறார்கள். மழைநீர் துளை வழியாக இறங்கி, மணலில் வடிகட்டி, நடுவில் இருக்கும் செங்கல் குழாய்க்குள் ஊறும். 1884இல் கரையிலிருந்து குழாய்த் தண்ணீர் வரும்வரை ஊர் பெரும்பாலும் இதைத்தான் குடித்தது. ஒரு பழைய கிணற்று வாயின் உள்விளிம்பில் விரலை ஓட்டிப் பாருங்கள். கயிறு இழுத்து இழுத்துக் கல்லில் விழுந்த பள்ளங்கள் வரிசையாக இருக்கும், சிலவற்றில் ஒரு விரல் முழுசாகப் பதியும். அதைத் தொட்டபிறகு அந்தத் திறந்தவெளியை வெறும் சதுக்கமாக என்னால் பார்க்க முடிந்ததில்லை.

எங்கே நடப்பது என்று நாளுக்கு நாள் பட்டியல் போட்டுத் தரமாட்டேன், மூன்று துண்டுகள் சொல்கிறேன். ரயிலில் வந்து இறங்கியதும் எல்லோரும் இடது பக்கம் திரும்பிக் கடைத்தெருவில் நெரிவார்கள். நீங்கள் எதிரே இருக்கும் ஸ்கால்ட்ஸி பாலத்தைக் கடந்து சாந்தா குரோச்சே பக்கம் போங்கள். சான் ஜியாக்கோமோ தல்லோரியோ கம்போவில் மரத்தடி பெஞ்சில் உட்காருங்கள். பள்ளி விட்டதும் பிள்ளைகள் கோயில் சுவரில் பந்து அடிப்பார்கள். பெரிய ஊர் ஒன்றும் இல்லை இது. மேற்கே ரயிலடியிலிருந்து கிழக்குக்கோடி சாந்த் எலேனா வரை நிற்காமல் நடந்தால் ஒன்றரை மணி நேரம் போதும். அந்த அளவு தெரிந்தால் அவசரம் போய்விடும்.

இரண்டாவது துண்டு வடக்குக் கரை, கன்னரேஜியோ. இங்கே கெட்டோ இருக்கிறது. யூதர்கள் இந்த ஒரு தீவில்தான் வாழ வேண்டும் என்று 1516 மார்ச் 29 அன்று வெனிஸ் அரசு ஆணையிட்டது. இரவில் கதவுகளைப் பூட்டினார்கள், காவலர்களின் கூலியையும் யூதர்களே கொடுக்க வேண்டியிருந்தது. 1797இல் நெப்போலியனின் படை வந்த பிறகுதான் கதவுகள் விழுந்தன. கன்னரேஜியோ கால்வாய்ப் பக்கத்திலிருந்து தாழ்ந்த சொட்டோபோர்ட்டெகோ வழியாக உள்ளே போகும்போது பக்கத்துக் கல்லைப் பாருங்கள், கதவுக் கீல் இருந்த குழிகள் இன்னும் இருக்கின்றன. உள்ளே கம்போவில் நின்று வீடுகளின் ஜன்னல் வரிசைகளைக் கீழிருந்து மேலாக எண்ணுங்கள். மற்ற இடங்களில் நாலு வரிசை இருக்கும் உயரத்தில் இங்கே ஆறு ஏழு வரிசை. ஆட்கள் பெருகினார்கள், இடம் பெருகவில்லை, அதனால் கூரையைத் தாழ்த்தி மாடிமேல் மாடி ஏற்றினார்கள். மேல்மாடியில் வரிசையாக ஐந்து பெரிய ஜன்னல்கள் தெரிந்தால் அது தொழுகைக்கூடம். கெட்டோ என்ற சொல்லே இந்த இடத்திலிருந்துதான் உலகத்துக்குப் போனது, அது உறுதி. அங்கே முன்பு இருந்த உலோக வார்ப்புப் பட்டறையின் பெயரான ஜேத்தோ என்பதிலிருந்து வந்தது என்று பெரும்பாலான அறிஞர்கள் சொல்கிறார்கள். ‘ஜே’ என்ற மெல்லிய ஒலி ஏன் ‘கெ’ என்று மாறியது என்பதற்குச் சொல்லும் காரணங்கள் இன்னும் ஊகம்தான். பிறகு கிழக்கே நடந்தால் கம்போ தெய் மோரி வரும், தலைப்பாகை கட்டிய கற்சிலைகள் சுவரோரம் நிற்கும். அதில் ஒருவருக்கு மூக்கு இரும்பு. பக்கத்திலேயே தின்தொரெத்தோ என்ற ஓவியர் வாழ்ந்த வீடு, சற்றுத் தள்ளி அவர் புதைந்திருக்கும் மதோன்னா தெல்லோர்த்தோ கோயில்.

மூன்றாவது, கஸ்தெல்லோவின் கிழக்குப் பாதி. சான்டி ஜியோவான்னி எ பாவ்லோ கம்போவில் சலவைக்கல் முகப்போடு ஒரு மாளிகை நிற்கும். உள்ளே போனால் அது ஊரின் அரசு மருத்துவமனை, பின்பக்கத்துப் படித்துறையில் ஆம்புலன்ஸ் படகுகள் நிற்கும். அங்கிருந்து கப்பல்பட்டறையான அர்செனாலே. வாசலில் இருக்கும் சிங்கங்களில் பெரியது ஏதென்ஸின் துறைமுகத்திலிருந்து 1687இல் கொண்டுவந்தது. அதன் தோளில் வட ஐரோப்பியப் போர்வீரர்கள் கீறிய ரூன் என்ற பழைய எழுத்துகள் மங்கலாகத் தெரியும். அப்புறம் வியா காரிபால்தி, துணி காயும் சந்துகள், பேரப்பிள்ளையோடு தாத்தாக்கள். பழைய நகரத்தில் இன்று வசிப்பவர்கள் ஐம்பதாயிரத்துக்கும் குறைவு, 1950களின் தொடக்கத்தில் அது ஒன்றே முக்கால் லட்சத்தை நெருங்கியிருந்தது. அந்த மிச்சப்பேரைப் பார்க்க வேண்டுமானால் இங்கே வர வேண்டும்.

சான் மார்க்கோ சதுக்கத்துக்கு விடியும்போது போங்கள், ஏழரைக்குள். பகல் பயணிகள் பத்து மணிக்கு மேல்தான் வந்து குவிவார்கள். எல்லோரும் அண்ணாந்து சான் மார்க்கோ கோயில் முகப்பின் மேல் நிற்கும் குதிரைச் சிலைகளைப் பார்ப்பார்கள். நீங்கள் கோயிலின் தென்மேற்கு மூலையில், கண்மட்டத்தில் இருக்கும் நாலு ரோமப் பேரரசர்களின் சிலையைப் பாருங்கள். கருஞ்சிவப்புக் கல்லில் இரண்டிரண்டு பேராகக் கட்டிப்பிடித்து நிற்பார்கள். ஒருவரின் பாதம் மட்டும் வேறு வெளிறிய கல்லில் ஒட்டுப்போட்டது. அசல் பாதத்தின் துண்டு 1960களில் இஸ்தான்புல்லில் கிடைத்தது, அங்கேதான் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1204இல் கான்ஸ்டான்டிநோபிளை, அதாவது இன்றைய இஸ்தான்புல்லை, சூறையாடிக் கொண்டுவந்த பொருள் இது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

நவம்பர் என்பதால் வெள்ளம், அக்வா ஆல்தா. இதில் நிறையப் பேருக்குக் குழப்பம். 110 சென்டிமீட்டர் என்று அறிவித்தால் தெருவில் இடுப்பளவு தண்ணீர் என்று அர்த்தமில்லை. அது 1897இல் குறித்த கடல்மட்டத்திலிருந்து அளக்கும் அளவு, தெருக்கள் அதைவிட மேலே இருக்கின்றன. 90ஐ நெருங்கும்போது சான் மார்க்கோவில் தண்ணீர் தேங்கும், ஊரிலேயே தாழ்ந்த இடங்களில் ஒன்று அது. 1966 நவம்பர் 4 அன்று 194 வந்தது, 2019 நவம்பர் 12 அன்று 187. 2020 அக்டோபரிலிருந்து கடல்நீர் உள்ளே வரும் மூன்று வாய்களிலும் மோசே என்ற மதகுகளை எழுப்பி அடைக்கிறார்கள், 110ஐத் தொடும் என்று கணித்தால் எழும். ஆகவே அந்தப் பேரழிவு உங்களுக்கு நேரும் என்று பயப்பட வேண்டாம். ஆனால் அதற்குக் கீழான உயரத்தில் சான் மார்க்கோவில் இரண்டு மூன்று மணி நேரம் கணுக்கால் தண்ணீர் நிற்கலாம். அலை இறங்கியதும் போய்விடும், அதுவரை வேறு பகுதியில் நடங்கள். நகராட்சியின் ஓத அறிவிப்பைக் காலையில் ஒருமுறை பார்த்தால் போதும். நீர் ஏறாத காலணி அவசியம். ஈரத்தில் பாசி பிடித்த படித்துறையில் மட்டும் கால் வைக்காதீர்கள், ஒரு தடவை விழுந்து மணிக்கட்டு வீங்கிக் கிடந்திருக்கிறேன்.

பாதுகாப்பு. நானும் பெண்தான், இரவு பத்து மணிக்கு மேல் ஆளில்லாத சந்துகளில் நடந்திருக்கிறேன். ஐரோப்பாவில் நான் தனியாக நடந்த ஊர்களிலேயே மனம் லேசாக இருந்தது இங்கேதான். வண்டி கிடையாது, வேகமாக எதுவும் வராது. காலடிச் சத்தம் தூரத்திலிருந்தே கேட்கும். இது என் அனுபவம், உத்தரவாதம் ஆகாது. பிக்பாக்கெட் உண்டு, ரியால்ட்டோ பாலத்திலும் நிரம்பி வழியும் வப்பரெட்டோ படகுகளிலும் பையை முன்பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள். அந்த வாரத்தில் நாலரைக்கெல்லாம் இருட்டிவிடும், முதல் நாள் மட்டும் விடுதிக்குப் போகும் வழியைப் பகல் வெளிச்சத்தில் ஒருமுறை நடந்து பழகிக்கொள்ளுங்கள். குறுகிய சந்தில் வலப்பக்கம் ஒதுங்கி ஒற்றை வரிசையாக நடங்கள், பாலத்தின் உச்சியில் நின்று படம் எடுக்காதீர்கள். வேலைக்கு ஓடுபவர்களுக்கு அதுதான் சாலை.

சாப்பாட்டுக்குத் தனி ஆளுக்கு வசதியான ஊர். பாக்கரோ என்ற சின்னக் கடைகளில் நின்றபடியே சாப்பிடுவார்கள், யாரும் உங்களை ஒற்றை மேஜையில் உட்காரவைத்துப் பார்க்கப்போவதில்லை. ரொட்டித்துண்டின் மேல் கருவாட்டு மீனை எண்ணெயில் அடித்துக் குழைத்த பக்கலா, வெங்காயமும் வினிகரும் திராட்சையும் போட்டு ஊறவைத்த மத்தி, இப்படிக் கண்ணாடிப் பெட்டியில் இருக்கும், விரலால் காட்டினால் போதும். அந்த மத்தி எனக்கு நம் வீட்டு மறுநாள் மீன்குழம்பைப் போல, ஊற ஊறத்தான் ருசி. சைவம் என்றால் முட்டை, சீஸ், காய் வைத்த மெத்தென்ற முக்கோண ரொட்டிகள் கிடைக்கும். காப்பியை நின்று குடித்தால் ஒரு விலை, உட்கார்ந்தால் வேறு விலை. ரியால்ட்டோ மீன் சந்தைக்கு ஒரு காலை போங்கள், ஞாயிறும் திங்களும் கிடையாது. அங்கே சுவரில் ஒரு கல்வெட்டு இருக்கும்: மத்தி 7 சென்டிமீட்டர், விலாங்கு 25 சென்டிமீட்டர் என்று, அதைவிடச் சின்ன மீனை விற்கக் கூடாது என்ற அந்தக் காலத்துச் சட்டம். ஊரை இரண்டாகப் பிரிக்கும் கிராண்ட் கால்வாயின் மேல் நாலே பாலங்கள்தான், இடையில் கடக்க திராகெத்தோ என்ற கடத்துப் படகு உண்டு. சந்தைப் பக்கத்திலிருந்து எதிர்க்கரைக்குப் போய்ப் பாருங்கள், இரண்டு யூரோதான். பகல் பயணிகளுக்கு 2024இல் கொண்டுவந்த நுழைவுக் கட்டணம் இதுவரை வசந்தத்திலும் கோடைத் தொடக்கத்திலும் குறிப்பிட்ட நாட்களுக்குத்தான். இரவு தங்குபவர்கள் கட்ட வேண்டியதில்லை. கிளம்பும் முன் விதியை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

ரியால்ட்டோவுக்குப் பக்கத்தில் சான் ஜியோவான்னி கிரிசோஸ்தொமோ கோயிலின் பின்னால் கோர்த்தே தெல் மிலியோன் என்ற முற்றம் இருக்கிறது. மார்க்கோ போலோவின் குடும்ப வீடு இந்த இடத்தில் இருந்தது, அது உறுதி. வீடு எரிந்து போய்விட்டது. முற்றத்தில் நிற்கும் செதுக்கிய பழைய வளைவு அவர் வீட்டுடையது என்று சிலர் காட்டுவார்கள், அதற்கு ஆதாரம் போதாது. மாபார் என்று அவர் சொல்லும் நம் கரைக்கு வந்து, காயல் துறைமுகத்தையும் முத்துக் குளிப்பையும் அவர் விவரித்திருக்கிறார். அங்கே மக்கள் பாத்திரத்தை உதட்டில் படாமல் தூக்கிப்பிடித்து அண்ணாந்து தண்ணீர் குடிக்கிறார்கள் என்பதையும் சொல்லியிருக்கிறார். 1324இல் இந்த ஊரிலேயே இறந்தார். அந்த முற்றத்தில் நின்று நான் பாட்டில் தண்ணீரை அண்ணாந்து குடித்தபோது தொண்டை அடைத்துக்கொண்டது உண்மை.

கடைசியாக, உங்கள் மூன்று நாளில் நவம்பர் 21 விழுகிறதா என்று பாருங்கள். 1630இல் வந்த கொள்ளைநோய் ஊரில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை வாரிக்கொண்டு போனது. நோய் நின்றால் மாதாவுக்குக் கோயில் கட்டுவதாக நேர்ந்துகொண்டு, கால்வாயின் வாயில் சலூத்தே கோயிலைக் கட்டினார்கள். வருடாவருடம் அந்த நாளில் கிராண்ட் கால்வாயின் குறுக்கே தற்காலிகப் பாலம் போடுவார்கள், ஊர் முழுக்க அதில் நடந்து போய் மெழுகுவத்தி ஏற்றும். பிள்ளைகளுக்கு மிட்டாய், பெரியவர்களுக்கு ஆட்டுக்கறியும் முட்டைக்கோசும் போட்ட சூப். அன்று மாலை நாலு மணிக்குப் போய் வரிசையில் நில்லுங்கள். எனக்கு முன்னால் நின்ற அம்மா தன்னிடம் இருந்த இரண்டு மெழுகுவத்தியில் ஒன்றை, ஒன்றும் கேட்காமல், என் கையில் கொடுத்தார்.